ஆற்றில் ஓடும் கார்பன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலநிலை மாற்றம் பற்றிப் பேசும்போது காடு, கடல், புகைபோக்கி இவைதான் முன்னே வந்து நிற்கும். ஆறு வராது. ஆனால் நிலத்திலிருந்து ஆண்டுதோறும் பெரும் அளவு கார்பன் ஆறுகளில் இறங்கி ஓடுகிறது. அந்த ஓட்டத்தை மனிதர்கள் பல வழிகளில் கலைத்துவிட்டார்கள். இது குறித்து வழக்கமாக எழும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே. வேறு விதமாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் எடை என்பது கார்பனின் எடைதான். அதைக் கார்பன் டை ஆக்சைடின் எடையாக மாற்ற 3.67-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஆற்றுத் தண்ணீரில் கார்பன் எங்கிருந்து வருகிறது?

மழைநீர் மண்ணுக்குள் இறங்கி ஊறி வரும்போது மக்கிய இலைதழைகளின் சாற்றைக் கரைத்துக்கொண்டு வருகிறது. இது கரைந்த கரிமப் பொருள். வெள்ளம் மேல்மண்ணை அரித்துக்கொண்டு வரும்போது, வண்டலோடு ஒட்டிய துகள்களாகவும் கார்பன் வந்து சேர்கிறது. மூன்றாவது வகை கண்ணுக்குத் தெரியாதது. வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடுவதால் மண்ணுக்குள் கார்பன் டை ஆக்சைடு செறிந்திருக்கும். அது நிலத்தடி நீரில் கரைந்து வாயுவாகவே ஆற்றுக்கு வரும். இல்லாவிட்டால் பாறையோடு வினைபுரிந்து பைகார்பனேட் என்ற, நீரில் கரைந்த உப்பு வடிவமாக மாறி வரும்.

முதல் இரண்டு வகைகளையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் பிரேசிலின் மனாவுஸ் நகரத்துக்கு அருகே போகலாம். கரைந்த கரிமப் பொருளால் கறுத்த ரியோ நீக்ரோவும் வண்டலால் வெளிறிய சோலிமோயின்ஸும் அங்கே சந்தித்து, சில கிலோமீட்டர் தூரம் கலக்காமல் பக்கம் பக்கமாக ஓடுகின்றன.

நிலத்திலிருந்து எடுத்துக் கடலில் சேர்ப்பதுதானே ஆற்றின் வேலை?

நீண்ட காலம் அப்படித்தான் கணக்குப் போட்டார்கள். கார்பன் வரைபடங்களில் ஆறு என்பது நிலத்தையும் கடலையும் இணைக்கும் ஓர் அம்புக்குறி, அவ்வளவுதான். 2007-இல் ஜொனாதன் கோலும் அவரோடு சேர்ந்தவர்களும் வெளியிட்ட கணக்கு இந்தப் படத்தை மாற்றியது. அதன்படி நிலம் ஆண்டுக்குச் சுமார் 190 கோடி டன் கார்பனை நன்னீர் நிலைகளுக்குத் தருகிறது. கடலுக்குப் போய்ச் சேர்வது 90 கோடி டன்தான். 80 கோடி டன் வழியிலேயே வாயுவாகக் காற்றுக்குப் போய்விடுகிறது, 20 கோடி டன் வண்டலில் புதைகிறது.

2013-இல் பீட்டர் ரேமண்ட் தலைமையிலான குழு, காற்றுக்குப் போவது மட்டுமே ஆண்டுக்கு 210 கோடி டன் என்று மதிப்பிட்டது. அதில் 180 கோடி டன் ஆறுகளிலும் ஓடைகளிலும் இருந்து வருவது. ஏரிகளின் பங்கும் நீர்த்தேக்கங்களின் பங்கும் சிறியவை. வெளியே போவது இவ்வளவு என்றால் நிலத்திலிருந்து உள்ளே வருவதும் பழைய மதிப்பைவிட அதிகமாகத்தான் இருக்க வேண்டும். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பதால் வரும் கார்பன் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 கோடி டன் என்பதோடு ஒப்பிட்டால் இந்த ஓட்டத்தின் பருமன் புரியும்.

அப்படியானால் ஆறுகளும் புவியைச் சூடாக்குகின்றனவா?

இந்த எண்களைப் பார்த்ததும் இப்படித்தான் கேட்கத் தோன்றும். ஆனால் ஆறு வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடை ஆலைப் புகையோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது. போன ஆண்டு ஒரு மரம் காற்றிலிருந்து இழுத்த கார்பன் இலையாகி, உதிர்ந்து, மக்கி, ஓடை வழியாக இந்த ஆண்டு காற்றுக்குத் திரும்பினால் வளிமண்டலத்தின் கையிருப்பு மாறுவதில்லை. மனிதர்கள் தோன்றுவதற்கு முன்பும் ஆறுகள் கார்பன் டை ஆக்சைடை விட்டுக்கொண்டுதான் இருந்தன.

எனவே எவ்வளவு வெளியேறுகிறது என்பதைவிட, வெளியேறும் கார்பன் எத்தனை காலம் நிலத்தில் அடைபட்டுக் கிடந்தது என்பதே முக்கியமான கேள்வி. ஆற்றுக் கார்பன் பற்றி வரும் செய்திகளில் பெரும்பாலும் முதல் எண்தான் தலைப்பாகிறது. இரண்டாவதைத் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது.

கார்பனின் வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கதிரியக்கக் கார்பன் மூலம். கார்பன்-14 அணுக்களில் பாதி 5,730 ஆண்டுகளில் சிதைந்துவிடும். ஆற்றுநீரில் கரைந்திருக்கும் வாயுவைப் பிரித்தெடுத்து அதில் கார்பன்-14 எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தால், அது அண்மைக் கால இலையிலிருந்து வந்ததா, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மண்ணில் கிடந்ததா, பாறையிலிருந்து வந்ததா என்று சொல்லிவிடலாம்.

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா டீன் தலைமையில் 2025-இல் வெளியான ஆய்வு, 26 நாடுகளில் 700-க்கும் மேற்பட்ட ஆற்றுப் பகுதிகளின் தரவுகளை ஒன்றுசேர்த்தது. ஆறுகள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ 60 சதவீதம், ஆயிரம் ஆண்டுகளோ அதற்கு மேலோ பழைமையான மூலங்களிலிருந்து வருகிறது என்பது அதன் முடிவு. அளவில் ஆண்டுக்குச் சுமார் 120 கோடி டன். இது பலரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. ஆற்று வாயுவின் பெரும்பகுதி புதிய தாவரப் பொருளிலிருந்துதான் வருகிறது என்பதே அதுவரை பொதுவான கருத்தாக இருந்தது.

இதில் எல்லாவற்றையும் மனிதர்கள் தலையில் கட்ட முடியாது. ஆழ்மண்ணும் பாறையும் இயல்பாகவே மெதுவாகக் கார்பனைக் கசியவிடும். ஆனால் அந்தக் கசிவை விரைவுபடுத்தும் வேலைகள் என்னென்ன என்பது நன்றாகத் தெரியும்.

மனிதத் தலையீட்டின் பங்கு என்று ஏதாவது எண் உண்டா?

2013-இல் பியர் ரெக்னியே குழு வெளியிட்ட மதிப்பீடு இன்றும் அதிகம் எடுத்தாளப்படுகிறது. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால், மனிதச் செயல்களால் நன்னீருக்குள் கூடுதலாக இறங்கும் கார்பன் ஆண்டுக்கு 100 கோடி டன் வரை இருக்கலாம். பெரும்பகுதி மண்ணிலிருந்து வருவது. அதில் சுமார் 40 கோடி டன் காற்றுக்கும் 50 கோடி டன் வண்டலுக்கும் போகிறது; திறந்த கடலை எட்டுவது ஏறத்தாழ 10 கோடி டன்தான். நிலத்தில் இவ்வளவு பெரிய மாற்றம் நடந்தும் ஆற்றின் முகத்துவாரத்தில் நின்று அளப்பவருக்கு அதில் பெரும்பகுதி தெரியவே தெரியாது.

விவசாயம் ஆற்றுக் கார்பனை எப்படி மாற்றுகிறது?

முதலில் மண்ணரிப்பு. காட்டை அழித்து உழும்போது மேல்மண் கரைந்து ஓடுகிறது. அதோடு கரிமப் பொருளும் போகிறது. அரித்துப்போன மண் எல்லாம் காற்றில் கலப்பதில்லை. நிறைய மண் சரிவின் அடியிலும் வெள்ளச் சமவெளியிலும் மறுபடி படிந்து புதைகிறது. அரிப்பு மொத்தத்தில் கார்பனைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்ற சண்டை அறிவியலாளர்களிடையே பல ஆண்டுகளாக நடப்பதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது வேதியியல். அமில மண்ணைத் திருத்த வயலில் சுண்ணாம்பு போடுகிறார்கள். அது கரைந்து பைகார்பனேட்டாக ஆற்றுக்கு வருகிறது. மிசிசிப்பி ஆற்றில் பைகார்பனேட் ஓட்டம் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கூடிக்கொண்டே போனதை 2003-லும் 2008-லும் வெளியான ஆய்வுகள் காட்டின. மழை கூடியது ஒரு காரணம் என்றாலும், வேளாண் நிலத்தின் பயன்பாடு மாறியதும் அங்கிருந்து ஓடிவரும் நீரின் அளவு பெருகியதும் பெரிய காரணங்கள். அம்மோனிய உரம் மண்ணில் நைட்ரேட்டாக மாறும்போது உண்டாகும் அமிலமும் சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கிறது. அப்போது பாறைக்குள் இருந்த கார்பனே வெளியே வரக்கூடும்.

இவை எல்லாவற்றையும்விட மோசமானது சதுப்புக் கரிமண்ணின் நீரை வடித்துவிட்டுப் பயிரிடுவது. பீட் எனப்படும் இந்த மண்ணில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்காமல் சேர்ந்த தாவரப் பொருள் இருக்கிறது. கால்வாய் வெட்டி நீர்மட்டத்தைத் தாழ்த்தினால் அந்தப் பழைய கார்பன் கரைந்து ஓடத் தொடங்கும். போர்னியோவின் சதுப்புக் காடுகளில் செய்து 2013-இல் வெளியான ஆய்வில், காடழித்த சதுப்பிலிருந்து வெளியேறிய கரிமக் கார்பன், கலையாத சதுப்பைவிட ஏறத்தாழ 50 சதவீதம் அதிகமாக இருந்தது. கலையாத சதுப்பின் கால்வாயில் ஓடியது அண்மைக் காலத்துக் கார்பன். அழித்த சதுப்பில் ஓடியது நூற்றாண்டுகளும் ஆயிரமாண்டுகளும் பழைமையானது.

அணைகள் கார்பனைப் பிடித்துவைக்கின்றனவா, வெளியிடுகின்றனவா?

இரண்டும் நடக்கிறது. அதனால்தான் அணை ஆதரவாளரும் எதிர்ப்பாளரும் ஆளுக்கொரு ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு வாதாட முடிகிறது.

பிடித்துவைப்பதை முதலில் பார்ப்போம். ஓடும் நீர் தேங்கியதும் வண்டல் அடியில் படிகிறது. 2005-இல் ஜேம்ஸ் சிவிட்ஸ்கி குழு செய்த கணக்கின்படி, மனிதர்கள் மண்ணரிப்பு மூலம் ஆறுகளின் வண்டல் சுமையை ஆண்டுக்கு 230 கோடி டன் கூட்டியிருக்கிறார்கள். அதே நேரத்தில், அணைகளில் தேங்குவதால் கடற்கரையை எட்டும் வண்டல் 140 கோடி டன் குறைந்திருக்கிறது. அதுவரை நீர்த்தேக்கங்களில் படிந்த வண்டல் 10,000 கோடி டன்னுக்கு மேல். அதற்குள் இருக்கும் கார்பன் 100 முதல் 300 கோடி டன். சீனாவின் யாங்சி ஆறு முன்பு ஆண்டுக்கு 40 கோடி டன்னுக்கு மேல் வண்டலைக் கடலுக்குக் கொண்டுபோனது. 2003-இல் மூன்று பள்ளத்தாக்கு அணையில் நீர் தேக்கத் தொடங்கிய பிறகு அது 15 கோடி டன் அளவுக்கு இறங்கியது.

இனி மறுபக்கம். நீர்த்தேக்கம் உருவாகும்போது காடும் மண்ணும் மூழ்குகின்றன. அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் அவை அழுகி மீத்தேன் உண்டாகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் எடைக்கு எடை பார்த்தால் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைப்போல 27 மடங்குக்கு மேல் சூடாக்கும். 2016-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, உலகின் நீர்த்தேக்கங்கள் ஆண்டுக்குச் சுமார் 80 கோடி டன் கார்பன் டை ஆக்சைடுக்கு நிகரான வாயுக்களை வெளியிடுவதாகச் சொன்னது (இங்கே கார்பனின் எடை அல்ல). அதில் பெரும்பங்கு மீத்தேனுடையது.

எல்லா அணையும் ஒன்றல்ல. ஆழமான குளிர்ந்த பள்ளத்தாக்கில் கட்டியது ஒரு வகை, வெப்பமண்டலக் காட்டின் சமதரையில் கட்டியது வேறு வகை. இரண்டாவதற்கு அமேசானின் பால்பினா அணையைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 250 மெகாவாட் மின்சாரத்துக்காக 2,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காடு அங்கே மூழ்கியது. அந்த மின்சாரத்தைப் பசுமை மின்சாரம் என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை.

இன்னொரு நுணுக்கம். நீர்மட்டம் இறங்கும்போது வெளியே தெரியும் சேற்று விளிம்பு, நீர்ப்பரப்பைவிட வேகமாகக் கார்பன் டை ஆக்சைடை விடுகிறது. பழைய கணக்குகள் இதைச் சேர்க்கவில்லை. 2021-இல் அதையும் சேர்த்துப் பார்த்தபோது, நீர்த்தேக்கங்கள் புதைப்பதைவிட வெளியிடுவது ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று வந்தது.

நகரக் கழிவுநீரால் என்ன ஆகிறது?

சுத்திகரிக்காத கழிவுநீரில் எளிதில் சிதையும் கரிமப் பொருள் ஏராளம். நுண்ணுயிர்கள் அதைத் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுக் கார்பன் டை ஆக்சைடையும் மீத்தேனையும் வெளியிடும். சுத்திகரித்தால் கார்பன் குறையும். நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தனியாக நீக்காவிட்டால் அவை ஆற்றில் பாசியை வளர்க்கும். பாசி பகலில் கார்பன் டை ஆக்சைடை இழுத்து, இரவிலும் மடிந்த பிறகும் திருப்பி விடும். கான்கிரீட் கரைவதால்கூட நகர ஆறுகளின் காரத்தன்மை கூடுகிறது.

வெப்பநிலை உயர்வது ஆற்றை நேரடியாக எப்படிப் பாதிக்கும்?

வெதுவெதுப்பான நீரில் வாயுக்கள் குறைவாகவே கரையும். நுண்ணுயிர்களின் சுவாசம் வேகமெடுக்கும். ஒளிச்சேர்க்கை அதே வேகத்தில் கூடுவதில்லை. இரண்டும் சேர்ந்து ஆற்றை மேலும் வாயு வெளியிடும் பக்கம் தள்ளும்.

மீத்தேன் விஷயத்தில் மட்டும் எதிர்பார்ப்பு பொய்த்தது. உலக ஆறுகள் ஆண்டுக்குச் சுமார் 2.79 கோடி டன் மீத்தேனை வெளியிடுகின்றன என்று 2023-இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது (இது மீத்தேனின் எடை). வெப்பமண்டல ஆறுகள்தான் முன்னணியில் இருக்கும் என்று நினைத்திருந்தார்கள். குளிர்ந்த வடபகுதி ஆறுகளும் அதே அளவுக்கு வெளியிடுவது தெரியவந்தது. தண்ணீரின் வெப்பத்தைவிடச் சுற்றியுள்ள நிலம் எவ்வளவு ஊறிக் கிடக்கிறது, அங்கே பீட் மண் இருக்கிறதா, மனிதர்கள் ஆற்றை எப்படி மாற்றியிருக்கிறார்கள் என்பவை கூடுதலாகத் தீர்மானிக்கின்றன.

வெள்ளமும் வறட்சியும் மாறிமாறி வந்தால்?

ஆறு கடத்தும் கார்பனில் பெரும்பகுதி சில நாள் வெள்ளத்தில் போய்விடும். தைவானின் லிவு ஆற்றில், தாவரங்களிலிருந்தும் மண்ணிலிருந்தும் வந்த துகள் கார்பனில் 77 முதல் 92 சதவீதம் சூறாவளி வெள்ளங்களில்தான் போனது. கனமழை அடிக்கடி வந்தால் இந்தத் திடீர் ஓட்டங்களும் கூடும். விசித்திரம் என்னவென்றால், இப்படிப் போவது எப்போதும் இழப்பு அல்ல. செங்குத்தான மலையிலிருந்து வேகமாகக் கடலுக்குப் போய் வண்டலுக்கு அடியில் புதைந்துவிட்டால் அந்தக் கார்பன் நீண்ட காலத்துக்கு வெளியே வராது. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்திலிருந்து கொண்டுபோகும் கரிமப் பொருளில் பெரும்பகுதி வங்கக் கடலின் அடித்தளத்தில் அப்படித்தான் பத்திரமாகப் புதைகிறது. அமேசானிலோ பெரும்பகுதி வழியிலேயே சிதைந்துவிடுகிறது.

வறட்சி இதற்கு எதிர்ப்பக்கம். உலக ஆறுகளின் மொத்த நீளத்தில் பாதிக்கு மேல், ஆண்டுக்கு ஒரு நாளாவது ஓட்டம் நின்றுபோகும் வகை. காய்ந்த படுகைக்குள் காற்று புகுந்ததும் அங்கே கிடந்த கரிமப் பொருள் வேகமாகச் சிதையும். மறுபடி நனையும்போது வாயு சட்டென்று எகிறும்.

ஆர்க்டிக் ஆறுகளைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை?

பெர்மாஃப்ராஸ்ட் எனப்படும் நிரந்தர உறைபனி நிலத்தில் ஏறத்தாழ 1,50,000 கோடி டன் கார்பன் இருக்கிறது. வளிமண்டலத்தில் இருப்பதைவிட இது அதிகம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஓப், யெனிசெய், லேனா, கோலிமா, யூக்கான், மெக்கென்சி ஆகிய பெரிய ஆறுகள் இந்த நிலத்தின் நீரை வடிக்கின்றன. உறைபனி இளகி ஆற்றங்கரை சரியும்போது பல்லாயிரம் ஆண்டுப் பழைமையான கரிமப் பொருள் தண்ணீரில் விழுகிறது. பழையது என்பதால் அது எளிதில் மக்காது என்று எண்ண வேண்டாம். உறைந்தே கிடந்ததால் அதில் ஒரு பகுதி புதிது போலவே இருக்கிறது. தண்ணீரில் விழுந்ததும் நுண்ணுயிர்கள் அதை விரைவாகச் சிதைத்துவிடுகின்றன.

சில ஆறுகளும் ஏரிகளும் பழுப்பாகி வருகின்றனவாமே, அதுவும் காலநிலை மாற்றமா?

ஓரளவுக்கு. வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் கிழக்கிலும் கரைந்த கரிமப் பொருள் கூடி நீர் நிறம் மாறியதற்கு, 2007-இல் வந்த ஆய்வு வேறொரு முதன்மைக் காரணத்தைக் காட்டியது: காற்று சுத்தமானது. ஆலைகளின் கந்தக வெளியீட்டைக் கட்டுப்படுத்தியதும் அமில மழை குறைந்தது. மண்ணின் அமிலத்தன்மை தணிந்ததும், அதுவரை மண்ணோடு கட்டுண்டிருந்த கரிமப் பொருள் மறுபடி கரைய ஆரம்பித்தது. மழையும் வெப்பமும் கூடுவது இதற்கு மேல் சேர்கிறது.

இதில் நடைமுறைச் சிக்கலும் உண்டு. கரிமப் பொருள் மிகுந்த நீரில் குளோரின் கலந்தால் டிரைஹேலோமீத்தேன் போன்ற விரும்பத்தகாத பொருள்கள் உருவாகும். அதனால் குடிநீர் நிலையங்கள் அந்தக் கரிமப் பொருளை முன்கூட்டியே நீக்கச் செலவழிக்க வேண்டியிருக்கிறது.

இந்த அளவீடுகளை எவ்வளவு நம்பலாம்?

திசையை நம்பலாம். கடைசி இலக்கம் வரை நம்ப வேண்டாம். மாதிரி எடுப்பவர்கள் பெரும்பாலும் பகலில்தான் ஆற்றுக்குப் போவார்கள். ஒளிச்சேர்க்கையால் அப்போது கார்பன் டை ஆக்சைடு குறைந்திருக்கும். தானியங்கி உணரிகளை வைத்து இரவும் பகலும் அளந்த 2021-ஆம் ஆண்டு ஆய்வில், இரவு வெளியீடு சராசரியாக 27 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. அளவீடுகள் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குவிந்திருக்கின்றன. காங்கோ போன்ற பெரும் ஆற்றுப் படுகைகளில் மிகக் குறைவு. ஒரு சதுர மீட்டருக்கு அதிகம் வெளியிடுவது மேல்மலை ஓடைகள். செயற்கைக்கோள் படத்தில் கண்ணுக்கே தெரியாதவையும் அவைதான்.

என்ன செய்தால் பலன் இருக்கும்?

ஆற்றுக்குள் இறங்கிவிட்ட கார்பனைத் துரத்திப் பிடிக்க முடியாது. அது நிலத்தை விட்டு இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. என் வரிசையில் முதலிடம் பீட் நிலங்களுக்கு. வடிகால்களை அடைத்து மறுபடி நனைத்தால் பழைய கார்பனின் கசிவு குறையும். முதலில் மீத்தேன் கொஞ்சம் கூடலாம் என்றாலும் நீண்ட கால நோக்கில் லாபம்தான். அடுத்தது கழிவுநீரும் உரமும். இவற்றைக் கட்டுப்படுத்தக் கார்பன் என்ற காரணமே தேவையில்லை, ஆற்றின் நலனுக்காகவே செய்ய வேண்டியவை. கரைகளை உடைத்து வெள்ளச் சமவெளியோடு ஆற்றை மறுபடி இணைப்பதும் வண்டல் புதைய இடம் தரும். புதிய அணைகளில் இடத்தேர்வே பாதி முடிவு.

பாறைத் தூளை வயலில் தூவி, காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடைப் பைகார்பனேட்டாக்கி ஆறு வழியாகக் கடலுக்கு அனுப்பும் திட்டங்களும் நடக்கின்றன. வேதியியல் சரியானதுதான். ஆனால் வயலில் கரைந்தது கடல் வரை அப்படியே போய்ச் சேர்ந்ததா, வழியில் மறுபடி வாயுவானதா என்று நிரூபிக்காமல், இவ்வளவு கார்பனை நீக்கிவிட்டோம் என்று கார்பன் கிரெடிட் சான்றுகளை விற்பதை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

நாடுகளின் உமிழ்வுக் கணக்கில் ஆறுகள் இருக்கின்றனவா?

நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன: காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2019-இல் திருத்திய வழிகாட்டியில், நீரில் மூழ்கிய நிலத்தின் வாயுக்களைக் கணக்கிடும் முறை தரப்பட்டுள்ளது. ஓடும் ஆறு தனித் தலைப்பாக இல்லை. ஒரு நாட்டில் காட்டை அழித்ததால் இறங்கிய கார்பன், எல்லை தாண்டி அடுத்த நாட்டில் வாயுவானால் அது யார் கணக்கு என்பதற்கு விடையும் இல்லை.

ஆண்டுதோறும் வெளியாகும் உலகக் கார்பன் வரவு செலவு அறிக்கை, ஆறுகள் இயல்பாகக் கடலுக்குக் கொண்டுபோகும் கார்பனுக்காக ஆண்டுக்குச் சுமார் 65 கோடி டன் என்று ஒரு திருத்தம் போடுகிறது. அது தொழிற்புரட்சிக்கு முந்தைய ஆற்றுக்கான எண். உழவாலும் அணையாலும் உறைபனி இளகுவதாலும் அதற்குப் பின் வந்த மாற்றம் அந்தத் திருத்தத்தில் இன்னும் சேர்க்கப்படவில்லை.